உயிர் இருக்கும் இடம்

திரையின் மேற்பாதியில் எதிரியின் பெரிய போர் இயந்திரம். அதிலிருந்து இளஞ்சிவப்பும் நீலமுமாகக் குண்டுகள் பூவிதழ்போல் விரிந்து, வளையம் வளையமாக இறங்குகின்றன. கீழே ஒரு சிறு விமானம். பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறுகிறது. அதுவோ ஊசியில் நூல் கோக்கும் கைபோல் மெல்ல நகர்கிறது. ஒரு குண்டு அதன் இறக்கை மேலேயே ஏறிப் போகிறது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜப்பானியர் இந்த வகை வீடியோ ஆட்டத்தை 'டன்மாக்கு' என்கிறார்கள். குண்டுத் திரை என்று பொருள். போர்க்களத்திலிருந்து வந்த சொல். இறக்கையில் குண்டு பட்டும் விமானம் ஏன் விழவில்லை? கண்ணுக்குத் தெரியும் விமானம் பெரிது. பட்டால் உயிர் போகிற இடம் அதன் நடுவே சில புள்ளிகள் அளவுதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1978-ல் டைட்டோ நிறுவனம் கொண்டுவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் குண்டுகள் கொஞ்சம். ஆனால் ஓரத்தில் உரசினாலும் கதை முடிந்தது. ஆடுகிறவர்கள் தேறத் தேற, பின்னால் வந்த ஆட்டங்களில் குண்டுகளின் வேகம் கூடிக்கொண்டே போனது. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததும் ஆர்கேடுகளின் கூட்டம் சண்டை ஆட்டங்கள் பக்கம் சாய்ந்தது. அந்த நிலையில், சுடும் ஆட்டங்களுக்குப் பேர்போன டோவாப்ளான் நிறுவனம் 1993-ல் பட்ஸுகுன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் குண்டுகள் பெருகின. அவற்றுக்கு நடுவே நுழைந்து போக இடமும் பிறந்தது. டன்மாக்குவின் தொடக்கம் அதுவே என்பார்கள் பலர்.

மறு ஆண்டே டோவாப்ளான் திவாலானது. அங்கே வேலை பார்த்த சுனேக்கி இகேடா உள்ளிட்ட சிலர் கேவ் என்ற நிறுவனத்தில் சேர்ந்து, 1995-ல் டொன்பாச்சியையும் 1997-ல் டோடொன்பாச்சியையும் உருவாக்கினார்கள். சுடும் பொத்தானை விடாமல் அழுத்தினால் அவற்றில் லேசர் பாயும். கூடவே விமானத்தின் வேகம் குறையும். வலிமையையும் நிதானத்தையும் ஒரே பொத்தானில் வைத்தார்கள்.

இந்த ஆட்டங்களில் பல குண்டுகள், எதிரி சுடும் கணத்தில் நாம் நிற்கும் இடத்தைக் குறிவைத்துக் கிளம்புகின்றன. கிளம்பியபின் வழி மாறுவதில்லை. கொஞ்சம் ஒதுங்கினால் போதும், பக்கத்தில் கடந்துவிடும். பதறி அங்குமிங்கும் ஓடினால், ஓடிய இடமெல்லாம் குறியாகி, குண்டுகள் திரை முழுக்கச் சிதறி, நமக்கு நாமே வேலி கட்டிக்கொள்வோம். இன்னொரு வகை, நம்மை நோக்கி இரண்டாக, நான்காக, ஆறாக விரிந்து வருவது. இரட்டைப்படை என்பதால் நட்டநடுவில் குண்டு இருக்காது. அசையாமல் நிற்பவரை அவை இருபுறமும் விலகிக் கடக்கும். பயந்து நகர்ந்தவரே அடிபடுவார்.

அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது? முழு விமானமும் நம் உயிர் என்று நம்புவதிலிருந்து. பெயர், பதவி, பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் சொல் எல்லாவற்றையும் இறக்கைகளாகச் சுமக்கிறோம். எதில் கீறல் விழுந்தாலும் செத்தோம் என்று துடிக்கிறோம். டோவாப்ளானையே பாருங்கள். அந்தப் பெயர்ப்பலகை விழுந்தது. குண்டுகளுக்கு நடுவே வழி வைக்கும் அந்தக் கலை சிலர் கையில் பத்திரமாகக் கடந்துபோனது.

அது பிறகு தனிமனிதர் ஒருவர் கைக்கும் வந்து சேர்ந்தது. ஸுன் என்ற புனைபெயர் கொண்டவர் நிரல், ஓவியம், இசை மூன்றையும் தாமே செய்து படைக்கும் வரிசை தோஹோ. அதில் 2003-ல் வந்த ஆட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. வேகமாகப் பறக்கும்போது உயிர் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைக் குறைக்கும் விசையை அழுத்தினால், நாயகியின் உடல் நடுவே அந்தச் சிறு புள்ளி தோன்றும்.

குண்டுமழை அப்போதும் ஓயாது. ஆனால் காக்க வேண்டியது எவ்வளவு சிறியது என்று கண்டுகொண்டவருக்கு, அதே மழைக்குள் வழி திறக்கிறது.