பெரியம்மாவின் பதினோரு ஆண்டுகள்

பெரியம்மாவுக்குக் கால் வீங்கியது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் நீர் கோத்திருந்தது, கிரியாட்டினினும் ஏறியிருந்தது. கல் இல்லை, கட்டி இல்லை. மூன்றாவதாகப் பார்த்த பெண் மருத்துவர்தான் சேலையை விலக்கிச் சோதித்தார். கருப்பை முழுதாக வெளியே இறங்கியிருந்தது. அப்படி இறங்கும் கருப்பை சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாய்களையும் கூடவே கீழே இழுக்கும். குழாய் நெரிந்து சிறுநீர் மேலே தேங்கும். கருப்பையை உள்ளே தள்ளி வளையம் பொருத்தியதும் தேக்கம் வடியத் தொடங்கியது. பிறகு அறுவை சிகிச்சை.

“ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?” எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். பதினோரு ஆண்டுகள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு நாற்று நட்டவர் சொன்னார்: “யாரு கேட்டா?”

பெண்ணின் மௌனத்துக்குக் கூச்சம் என்று பெயர் வைப்பது வசதி. என் கவிதைகளிலும் வைத்திருக்கிறேன். ஆனால் சிறுநீரகம் இப்படி வீங்கினால் கருப்பை இறக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் பாடத்தில் இருப்பதுதான். படித்தவர்கள் கேட்காமல் விட்டதும் மௌனம்தானே? அவர் சொல்லாதது குற்றமென்றால் இதற்கு என்ன பெயர்?

வலது சிறுநீரகம் தேறிவிட்டது. இடது சுருங்கியே இருக்கிறது.