அஞ்சாமையும் ஆயுதமும்



அருகப்பெருமான் திருவடிகளை வணங்கி ஓர் ஐயத்தை நும்முன் வைக்கிறேன். அண்மையில் நம் சமூகத்து அன்னையார் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர்தம் மகன் அமெரிக்காவில் மனைவி மக்களுடன் வாழ்கிறார். அந்நாட்டுச் சட்டப்படி தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். "ஒன்று போதாது, அது பழுதுபட்டால் என் செய்வாய்? திருடன் பிடுங்கிக்கொண்டால் என் செய்வாய்? கணுக்காலில் சிறியதாக இரண்டாவது ஒன்றையும் கட்டிக்கொள்" என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்களாம். "நம் அறம் இதற்கு என்ன சொல்கிறது, அம்மா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. காவல்துறையினர் மாற்றுத் துப்பாக்கி ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்வது குடிமக்களின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டம் தடுக்காத ஒன்றை அறம் தடுக்குமா என்பதே கேள்வி.

பள்ளியில் பாடம் சொன்ன பழக்கத்தால் வினாவை மூன்றாகப் பகுத்துக்கொள்கிறேன். இல்லறத்தான் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்க்கலாமா? அதற்கென ஆயுதம் வைத்திருக்கலாமா? ஒன்று இருக்க, இரண்டாவது வேண்டுமா?

முதல் வினாவுக்கு நம் ஆசாரியர்கள் விடை கூறியுள்ளனர். ஹிம்சை நால்வகைப்படும். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுவேலைகளில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வருவோனைத் தடுக்கையில் நேர்வது விரோதி. துறவியர் நான்கையும் துறந்தவர். இல்லறத்தான் சங்கல்பி ஹிம்சையை முற்றும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும். மனைவி மக்கள்மேல் வாளோங்குவோனைத் தடுக்கும் இல்லறத்தானை நம் நெறி கொலைஞன் என்று தள்ளிவிடவில்லை. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருமேனியை எழுப்புவித்த சாமுண்டராயர், கங்க மன்னர்களின் படைத்தலைவராகப் போர்க்களம் கண்டவர். சமணன் என்றால் கைகட்டி நிற்பவன் என்பார் நம் வரலாறு அறியாதவர்.

ஆனால் அனுமதி வேறு, புகழ்ச்சி வேறு. விரோதி ஹிம்சையும் ஹிம்சையே; அதனாலும் வினை ஒட்டும். வேறு வழியே இல்லாதபோது, தடுக்கும் அளவோடு நிற்க வேண்டியது அது. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதனையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான தீங்கைவிட மிகுதியாகத் தீங்கு செய்ய அது இடம் தரவில்லை. முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் அவ்வாறே கூறிற்று.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். எதிர்ப்பது ஒரு கணத்துச் செயல். ஆயுதம் தரிப்பதோ நாள்முழுதும் நீளும் நினைப்பு. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிரைப் போக்குதலோடு பிரமாதம் எனப்படும் மனச்சோர்வையும் சேர்த்தே கூறுகிறது. ஆகவே துப்பாக்கி வெடிக்கிறதா என்பதற்கு முன், அதைச் சுமப்பவன் உள்ளம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

தீத்தியானங்களுள் கொடியது இரௌத்திர தியானம். அது நால்வகை: கொலையில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல், உடைமையைக் காப்பதிலேயே வெறிகொண்டு ஆழ்தல். நான்காவதைக் கூர்ந்து நோக்குங்கள். திருடுவோனுக்குச் சொல்லப்பட்ட தியானத்துக்கு அடுத்தே, திருட்டுக்கு அஞ்சிக் காவலிலேயே மூழ்குவோன் தியானமும் வைக்கப்பட்டுள்ளது. எதிரே வருவோர் எல்லோரையும் பகைவராக எண்ணி, "இவன் தாக்கினால் இப்படிச் சுடுவேன்" என்று நாளும் மனத்துள் ஒத்திகை பார்ப்பவன், யாரையும் சுடாமலே வினை ஈட்டுகிறான். அநர்த்ததண்ட விரதத்தில் ஹிம்சாதானம் என்று ஒரு குற்றம் உண்டு. நஞ்சு, வாள் முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் அது. மாற்றுத் துப்பாக்கிக்கு ஆதரவாக, "உடனிருக்கும் நண்பனுக்கு ஒன்றைக் கொடுக்கலாமே" என்று சொல்வதுண்டு. அந்த வாதம் நேரே இக்குற்றத்துள் போய் விழுகிறது.

உலகியல் கணக்கும் இதற்கு மாறாக இல்லை. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டு மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்! கள்வனுக்கென வாங்கிய கருவி வீட்டாரின் ஒரு துயர நாழிகையில் அவர்கள் கைக்கே எட்டிவிடுகிறது. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது துப்பாக்கி என்பது பூட்டி வைக்க மறக்கக்கூடிய இன்னொரு துப்பாக்கி. நம் நாட்டிலோ கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெறுதலே அரிது. ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2 ஆகக் குறைத்தது.

இனி மூன்றாம் வினா. இதற்கு நான் வாழும் இவ்வூரிலேயே விடை இருக்கிறது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய இரமணாசிரமத்தை அறியாதார் இலர். இரமணர் வேற்று நெறியினர். எனினும் குணமுடையாரைக் கண்டு மகிழ்தல் பிரமோத பாவனை. எவ்விடத்துக் குணமாயினும் போற்றலாம்.

1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவு. அன்னை அழகம்மாள் 1922இல் மறைந்தபின் அவர் சமாதியருகே எழுந்த கூரைக் குடிலே அன்றைய ஆசிரமம். நள்ளிரவை நெருங்கும் வேளையில் கள்வர் வந்து சன்னலை உடைக்கலாயினர். இங்கே இருப்பது மிகச் சிறிது, உள்ளே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இரமணர் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக அஞ்சச் செய்யச் சன்னலருகே பட்டாசு கொளுத்தினர். கூரைக்குத் தீ வைப்போம் என்று மிரட்டினர். அது வேண்டாம், நாங்களே வெளியேறுகிறோம் என்றார் இரமணர். வெளியேறுமுன் கருப்பன் என்னும் நாய்க்கு அடி விழுமோ என்று கருதி, முதலில் அதனைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார். பின்பு வாயிலில் வந்த ஒவ்வொருவரையும் கள்வர் தடியால் அடித்தனர். இரமணருக்கு இடத்தொடையில் அடி விழுந்தது. மனநிறைவு இல்லையெனில் மற்றைக் காலிலும் அடிக்கலாம் என்றார் அவர்.

அடியார்களுள் இராமகிருஷ்ணசுவாமி என்பவர் தம் குருவின் காலில் தடிப்பைக் கண்டார். அருகிலிருந்த இரும்புத் தடியைக் கையிலெடுத்து, உத்தரவு கேட்டு நின்றார். சிராவகரே, அந்தத் தடிதான் இரண்டாவது ஆயுதம்! முதற்காப்பாகிய பொறுமை அடிபட்டு வீழ்ந்தது போலத் தோன்றும் வேளையில் கை தேடும் கருவி. இரமணர் தடுத்தார். நாம் சாதுக்கள், நம் தருமத்தை நாம் விடலாகாது, நீ அடித்து எவரேனும் இறப்பின் உலகம் பழிப்பது நம்மையே என்று விளக்கினார். பல் நாவைக் கடித்துவிட்டால் பல்லை உடைத்தெறிவோமா என்றும் கேட்டார்.

கள்வருக்குக் கிடைத்தது என்ன? சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, மாம்பழங்கள், சில ரூபாய்கள். இதற்காக ஓர் உயிர் போயிருந்தால்? இங்கு இன்னொன்றையும் மறவாதீர்கள். அன்றிரவே குஞ்சுசுவாமி நகருக்கு ஓடிக் காவலரை அழைத்து வந்தார். கள்வர் சில நாள்களில் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றனர். பொறுமை என்பது குற்றத்தை மறைத்தல் அன்று. தண்டிக்கும் வேலையை அதற்குரியவரிடம் விட்டுவிடுதலும் அறமே.

"அவர் துறவி, என் மகனோ குடும்பத்தான்" என்று அந்த அன்னை கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மோகன்தாஸ் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது நம் ஸ்ரீமத் ராஜசந்திரரிடம் இதையொத்த ஐயத்தை எழுப்பினார்: பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா? 1894ஆம் ஆண்டில் ராஜசந்திரர் விடை எழுதினார். உடல் அழியக்கூடியது என்று உணர்ந்தவன் அவ்வுடலுக்காக இன்னோர் உயிரைக் கொல்லுதல் எங்ஙனம் தகும் என்றார். அவ்வுணர்வு இல்லாதவனுக்கும் கொல் என்று அறிவுரை கூறத் தம்மால் இயலாது என்றார். படிநிலை உண்டு, ஆனால் கீழ்ப்படியில் நிற்பவனும் மேல்நோக்கியே நிற்க வேண்டும் என்பது இதன் கருத்து.

இல்லறத்தாருக்கே உரிய எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நமக்குப் பரத பாகுபலியர் கதை புதிதன்று. இரு பக்கத்துப் படைகளும் மாளாதிருக்க, உடன்பிறந்தார் இருவரும் ஆயுதமின்றியே கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருவதென அமைச்சர்கள் ஏற்பாடு செய்தனர். மூன்றிலும் பாகுபலி வென்றார். அப்போது பரதன் என்ன செய்தான்? ஒப்பந்தத்தை மறந்து சக்கரத்தை ஏவினான். ஆறு கண்டத்தையும் வென்ற சக்கரவர்த்திக்கு அதுவே கைவசமிருந்த மாற்று ஆயுதம். சக்கரமோ பாகுபலியை வலம்வந்து வலியிழந்து நின்றது. வெட்கம் பரதனுக்கு, துறவு பாகுபலிக்கு. கையில் இல்லாதிருந்தால் பரதன் எறிந்திருக்க மாட்டான். இருந்ததனால் எறிந்தான். மாற்று ஆயுதத்தின் இயல்பு இது. தோல்வியின் கணத்தில், அறிவு ஓய்ந்திருக்கும் நேரத்தில், அது தானே கைக்கு வருகிறது.

இதன் வேர் அச்சம். நற்காட்சி உடையவன் எழுவகை அச்சமும் நீங்கியவன் என்பர். அவ்வேழனுள் காப்பாரில்லையே என்னும் அச்சமும், மறைவிடம் இல்லையே என்னும் அச்சமும், எதிர்பாராதது நேருமோ என்னும் அச்சமும் உள. முதல் துப்பாக்கி வந்தபோது இந்த அச்சம் நீங்கியிருக்க வேண்டும் அல்லவா? நீங்கவில்லை, "இது பழுதானால்?" என்று உரு மாறி வந்து நிற்கிறது. இரண்டாவது வந்தபின், "இரண்டும் பழுதானால்?" என்று கேட்கும். எத்தனை கருவி வாங்கினும் இவ்வச்சத்துக்கு இரை போதாது.

ஆகவே அந்த அன்னைக்கு நான் கூறிய விடை இது. காவல், படை போன்ற பணியில் இருப்போர் பணி விதித்ததைத் தரிக்கட்டும். கடமை முடிந்ததும் கழற்றி வைக்கட்டும். ஏனையோர்க்கு இரண்டாவது துப்பாக்கி வேண்டா. முதலாவதையும் குண்டு நீக்கிப் பூட்டி வைத்து, அதனை விட்டுவிடும் நாளை நோக்கி நடக்க வேண்டும். வாயிலில் நல்ல விளக்கு, உறுதியான தாழ், அண்டை வீட்டாரோடு நட்பு, காவலரை உடனே அழைக்கும் பழக்கம் இவை கொல்லாத காவல்கள். பணப்பையைக் கேட்பவனிடம் பணப்பையைக் கொடுத்துவிடலாம். பொருள் மீளும், உயிர் மீளாது. உயிருக்கே கேடு வந்து வேறு வழியற்றுப் போனால், தடுக்கும் அளவு தடுத்து, பின் பிரதிக்கிரமணத்தால் உள்ளம் கழுவுதல் இல்லறத்தான் கடன்.

மேலும், மாலைதோறும் சாமாயிகத்தில் அமர்ந்து நால்வகைப் பாவனையை எண்ணச் சொன்னேன். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணமுடையாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவாரிடத்து இரக்கம், பொல்லாரிடத்து நடுவுநிலை. நான்காவதுதான் கடினம். தீயோனை விரும்ப வேண்டும் என்று அருகன் கேட்கவில்லை. அவனை வெறுத்து நம்மை இழக்காதிருக்கவே கேட்கிறார். அப்பயிற்சி ஒன்றே பழுதுபடாத காவல். பிறர் பிடுங்க இயலாத காவலும் அதுவே.

அஞ்சாமை பெருகுக! அருளறம் வாழ்க!