யூதாஸ் யாரிடம் போனான்?



அர்ச். இராயப்பரும் வெட்கினார், யூதாஸும் வெட்கினான். ஒருவர் அழுது மனந்திரும்பினார். மற்றவன் நான்றுகொண்டு செத்தான். இதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அர்ச். மத்தேயு 27-ம் அதிகாரத்தில் உள்ள ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. யூதாஸ் நேரே கயிற்றைத் தேடிப் போகவில்லை. முதலில் பிரதான குருக்களிடம் போய்த் தன் பாவத்தை வாய்விட்டுச் சொன்னான். அவர்களோ தங்களுக்கு அதில் அக்கறையில்லையென்று கைவிரித்துவிட்டார்கள். அவன் குற்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இராயப்பருக்குச் சேசுநாதரின் பார்வை கிடைத்தது. இவனுக்குக் கிடைத்தது அந்தக் குருக்களின் முகம்.

பிறருக்குப் புத்தி சொல்லுகிற எங்களுக்கு இது பயமுண்டாக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் இன்னொரு குருவின்முன் முழந்தாளிட வேண்டும், பாப்பானவருக்கும் விலக்கில்லை. இக்காலத்து மனநல ஆலோசகர்களும் தங்கள் வேலையை அனுபவமுள்ள மூத்தவரிடம் எடுத்துச்சொல்லித் திருத்திக்கொள்ளும் முறை இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெட்கப்பட்டவன் முதலில் ஒளிக்கத்தான் பார்ப்பான். நானும் ஒளித்தேன்.

பல வருஷங்களுக்குமுன், வேறொரு பங்கில், ஓர் இளம் மனைவி அறைவீட்டுக்கு வந்து புருஷனைப்பற்றி முறையிட்டாள். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அங்கே கேட்டதை எக்காலத்திலும் சொல்லலாகாது. இதையும் அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அவர் கோயில் காரியங்களில் முன்நிற்பவர். "பொறுத்துப் போ அம்மா, செபமாலை சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். கை முறிந்து அவள் தாய்வீடு போன பிறகே, அடிபட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் என் ஆன்மகுருவான வயோதிகச் சுவாமியிடம் போய், பேர் ஊர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. எல்லாருக்கும் நேர்வதுதான் என்று தேற்றவுமில்லை. தேற்றியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன், அந்தப் பெண்ணை மறுபடியும் கைவிட்டிருப்பேன். காப்பி கொடுத்தார். "அவள் இப்போது பத்திரமாயிருக்கிறாளா?" என்றார். பிறகு, "அவள் பேசும்போது நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்?" என்றார். எனக்கு ஞாபகமில்லை. "போய் மன்னிப்புக் கேளும். அதையும் அவளிடமே கேளும்" என்றார்.

போனேன். திண்ணையில் அவள் தகப்பனாரும் இருந்தார். கேட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

"நான் சொல்லச்சொல்ல நீங்க கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க, சாமி" என்றாள்.

அன்று பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தேன்.