பிணியில் கிடைத்த துணை

 

நாட்டுப்புறத்து அரபிகள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, வியாதிக்கு மருந்து செய்து கொள்வது கூடுமா என்று கேட்டார்கள் என்றும், தாராளமாகச் செய்து கொள்ளுங்கள், முதுமை ஒன்று நீங்கலாக எந்தப் பிணியையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கிவிடவில்லை என்ற கருத்தில் பெருமானார் விடை பகர்ந்தார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. இதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, கடையைத் திறக்கப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லின் கனம் நமக்கென்று ஒரு நாள் வரும்போதுதான் தெரிகிறது.

காஹாங்கில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவருக்கு அந்த நாள் வந்தது. மளிகை வியாபாரம் செய்பவர். பெயரைப் போட வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கழுத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தோன்றி, சில வாரங்களில் எலுமிச்சையளவு ஆயிற்று. குளுவாங்கில் காட்டினார். அங்கிருந்து ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்து, நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒரு முறையாக ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இதை அவர் இரண்டு மாத காலம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சர்க்கரை என்றார். நம்மிடம் சரக்கு எடுக்கக் கோலாலம்பூர் போகிறேன் என்றார். பின்னாளில் காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை வியாபாரிகளாகிய நாம் நன்றாகவே புரிந்து கொள்வோம். 'எனக்கு இந்த வியாதி என்று வெளியே தெரிந்தால், கடனுக்குச் சரக்குப் போடுகிறவன் மறுநாளே கணக்கை முடிக்கச் சொல்லுவானே! ஊரில் மகளுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கிறது. அது என்ன ஆகும்?' என்றார். பேரேட்டில் நஷ்டத்தை மறைப்பது போல உடம்பின் நஷ்டத்தையும் மறைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறார். ஐந்தொகை போடும் நாள் வராமலா போகும்?

மருந்து ஏற்றுவதை விட்டுவிட்டு ஊருக்குப் போய் நாட்டு வைத்தியம் பார்த்துக் கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை அவருக்கு இருந்தது. மருந்து ஏற்றினால் ஆள் பிழைக்கமாட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்வோருக்கு ஒரு செய்தி. நம் வீட்டு வாசலிலும் கபுருஸ்தான் ஓரத்திலும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இந்தச் சகோதரருக்கு ஏற்றப்பட்டவற்றுள் ஒன்று. 1952-ல் ஜமைக்காத் தீவிலிருந்து கனடா நாட்டு டாக்டர் ஒருவருக்கு, அங்குள்ளோர் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைக்கும் இலை என்று இது வந்து சேர்ந்தது. அவருடைய சகோதரர் இராபர்ட் நோபிள் ஆராய்ந்து பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பீர் என்பவரும் அதைத் தொடர்ந்து போய் 1958-ல் முதல் மருந்தை வெளியிட்டார்கள். வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் உபயோகத்துக்கு அனுமதி பெற்றது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே, செடிதானே என்று வீட்டில் பறித்து மெல்லவோ கஷாயம் வைக்கவோ யாரும் முற்படலாகாது, அது விஷம். அளந்து கொடுக்கும் கை வேண்டும். அவர்கள் தேடியது ஒரு வியாதிக்கு. ஆண்டவன் கொடுத்தது மற்றொன்றுக்கு. இதே துறையில், இரத்தப் புற்றுநோய்க்கு 1948-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து போனதே. நம் பக்கத்து மண்ணுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

கடைசியில் அவர் உண்மையைச் சொன்னது பள்ளிவாசலில், இஷாவுக்குப் பிறகு, செருப்பைத் தேடிக் கொண்டிருக்கையில். நாமும் வேறு இரு சகோதரர்களும் உடன் வருவதாக ஏற்றோம்.

குறித்த நாளில் சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். செம்பனைத் தோட்டங்களைக் கடந்து குளுவாங் வழியாக ஜோகூர் பாரு போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக அவருக்குத் தைரியம் சொல்லிக் கொண்டே வந்தோம். அய்யூப் நபி (அலை) அவர்களின் பொறுமையைச் சொன்னோம். நோய் பாவங்களைக் கழுவும் என்பதைச் சொன்னோம். எல்லாம் சத்தியமான வார்த்தைகள்தாம். ஆனால் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். உடம்பில் ஊசி ஏறப்போவது அவருக்கு, நமக்கல்ல. அந்த வித்தியாசத்தை அவர் அறிந்திருந்தார், நாம்தாம் அறியவில்லை.

பகல் சிகிச்சைக் கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கத்தில் மலாய்ச் சகோதரர் ஒருவர், பெல்டா குடியேற்றக்காரர். இதே வியாதிக்கு நான்காம் முறையாக வந்திருந்தார். மறுபக்கத்தில் சீன மூதாட்டி ஒருவர். எதிரே தோட்டத்துத் தமிழ்ப் பெண்மணி ஒருவர், தலையில் முண்டாசு போல் துணி கட்டியிருந்தார். இரத்தம் எடுத்துச் சோதித்து, வாந்தி வராமலிருக்க முதலில் ஒரு மருந்தைச் செலுத்தி, பிறகு ரிடுக்ஸிமாப் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் தடவை இதை மெதுவாகத்தான் விடுவார்கள், மணிக்கணக்காகும்.

ஒரு மணி நேரம் ஆகியிராது. நம் சகோதரருக்குக் கை நடுங்கிற்று. பிறகு தாடை. பிறகு உடம்பு முழுவதும் குளிர் ஜுரம் கண்டவர் போல் உதறிற்று. முகம் வெளுத்தது. சகோதரர்களே, அப்போது நாம் செய்ததை மறைக்காமல் எழுதுகிறோம். மூவரும் அவர் காதருகே குனிந்து கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிட்டோம்! சகராத்து நேரத்தில் சொல்வது போலச் சொன்னோம். அவரும் நம் முகங்களைப் பார்த்து, முடிந்துவிட்டது என்றே எண்ணிக் கண்களை மூடிக்கொண்டார்.

பெல்டாக்காரர் அவசரப்படவில்லை. தாதியைக் கூவி அழைத்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, 'பெலும் லாகி' என்றார். இன்னும் இல்லை என்று பொருள். முதல் நாள் தமக்கும் இப்படியே உதறியது என்றும், சொட்டை நிறுத்தி ஒரு ஊசி போடுவார்கள், அரை மணியில் அடங்கிவிடும், அப்புறம் இன்னும் மெதுவாக விடுவார்கள் என்றும் மலாயில் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தாதி ஓடி வந்து நிறுத்தினார், ஊசி போட்டார், கம்பளி போர்த்தினார். உதறல் அடங்கிற்று. ஆலிம்களின் சொற்களை இரண்டு மணி நேரமாக எடுத்துச் சொல்லி நம்மால் கொடுக்க முடியாத அமைதியை, அந்த மனிதர் தம் நான்கு தடவை அனுபவத்தால் இரண்டு வார்த்தையில் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அந்தக் கூடமே அவருக்கு ஆசானாகிவிட்டது. சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் தோட்டத்துப் பெண்மணி, 'பாய், இன்னிக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போவும். ரத்தமின்னு நெனச்சு அலறாதீங்க, மருந்தோட கலருதான். நான் மொத தடவை அழுதே போயிட்டேன்' என்றார். சீன மூதாட்டி கைப்பையைத் துழாவி ஒரு பொட்டலம் அசாம்போய் எடுத்து நீட்டினார். நாக்கில் இரும்பைச் சப்பியது போன்ற ருசி வருமாம். இதை ஒதுக்கிக் கொண்டால் குமட்டல் தணியுமாம். தலைமுடி இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் கொட்ட ஆரம்பிக்கும், தலையணையில் பார்த்துத் திடுக்கிடுவதற்கு முன்னே நாமே சிரைத்துக் கொள்வது மேல் என்றார் பெல்டாக்காரர். ஹஜ்ஜுக்குப் போனால் சிரைப்பதில்லையா என்று அவர் கேட்டபோது நம் சகோதரர் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

அந்த மூவரில் தீனால் நமக்குச் சகோதரர் ஒருவரே. மற்ற இருவரும் வேறு மார்க்கத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்து வந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு தேடிப் போய்த் தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்ற செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். நோயுற்றவர் அருகில் உட்கார்வதற்கு மார்க்கத்தைக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை. நாளை மறுமையில், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைக் காண வரவில்லையே என்று ரப்பு கேட்பான், என் அடியான் நோயுற்றிருந்தான், நீ போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்று கூறுவான் என்னும் ஹதீஸ் குத்ஸியை வெறும் உபசார வார்த்தையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று அந்த நாற்காலிகளுக்கு நடுவே நாம் நின்றபோது அது நமக்கு வேறு விதமாகவே விளங்கிற்று.

நோய் கண்டவரே மற்றொரு நோயாளிக்குத் துணை நிற்பது இன்றைய வைத்திய உலகமும் ஏற்றுக் கொண்ட முறை. 1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற மாது, மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, இனி எப்படி வாழ்வது என்பதைச் சொல்ல ஆளில்லையே என்று மனம் நொந்து, குணமானதும் தாமே மற்ற நோயாளிகளைத் தேடிப் போக ஆரம்பித்தார். அது பின்னர் ஓர் இயக்கமாயிற்று. சென்னை அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும், 1923-ல் தம் தங்கையை இந்த வியாதிக்குப் பறிகொடுத்த துக்கத்திலிருந்துதான். பன்னிரண்டு படுக்கைகளுடன் ஆரம்பித்தது. மலேசியாவிலும் 1966 முதல் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் இருந்து வருகிறது. துக்கத்தை மூடி வைத்தால் அது அழுகும். எடுத்துக் கொடுத்தால் பிறருக்கு முதலாகும் என்று வியாபார பாஷையில் சொல்லலாம்.

இனி வீடு திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இதில் நம் ஜமாஅத்தார் மீதே குறை இருக்கிறது. செய்தி தெரிந்ததும் எல்லோரும் திரண்டு வந்துவிட்டார்கள். பிரியாணிச் சட்டி என்ன, குழந்தை குட்டிகள் என்ன, இருமிக்கொண்டே முஸாபஹா செய்தவர்கள் என்ன! நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள ஹக்கு, மறுக்கவில்லை. ஆனால் மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து சுமார் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். சாதாரண ஜலதோஷமும் அப்போது உயிருக்கு உலை வைக்கலாம். நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகத்தோடு கொண்டு போய்ச் சேர்க்காதீர்கள் என்று நாயகமவர்கள் தடுத்திருக்கையில், இருமுகிறவர் வாசலோடு ஸலாம் சொல்லிப் போவதுதானே சுன்னத்தான மரியாதை? பெல்டாக்காரர் டெலிபோனில் இதைச் சொல்லி எச்சரித்தபோதுதான் நமக்கு உறைத்தது. ஜுரம் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியிலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்பதையும் அவர்தாம் வற்புறுத்தினார். அந்த வாரம் ஜும்ஆவுக்கு வரக்கூடாது என்று நம் சகோதரரைத் தடுத்ததில் அவருக்கு மிகுந்த வருத்தம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; ரமலான் நோன்பையே வேறு நாட்களுக்குத் தள்ளிக்கொள்ளத் திருமறை அனுமதிக்கிறது. சலுகையை ஏற்பதும் வணக்கமே என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

கடனுக்குச் சரக்குப் போடுகிறவர் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குளுவாங்கிலுள்ள அந்த மொத்த வியாபாரி விஷயம் தெரிந்ததும் நேரில் வந்தார். தம் தகப்பனாருக்கும் இதே போல் மருந்து ஏற்றினார்கள் என்றார். தவணையை மூன்று மாதம் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் அவரிடம் ஒளித்ததை நினைத்து நம் சகோதரர் வெட்கப்பட்டார். எல்லா மொத்த வியாபாரிகளும் இப்படியிருப்பார்கள் என்று நாம் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நிக்காஹ் பேச்சு ஓரிடத்தில் முறிந்தும் போயிற்று. வேறிடத்தில் பேசிக் கொண்டிருக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், ஆறு தடவையும் முடிந்தன. கட்டி கரைந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்; இன்னும் தவணை தவணையாகப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்தச் சீன மூதாட்டியின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவர் என்ன ஆனார் என்று தாதியிடம் கேட்க நம் சகோதரருக்கு மனம் வரவில்லை. அன்று முதல் தம் பையில் ஒரு பொட்டலம் அசாம்போய் வைத்திருக்கிறார்.

காஹாங் சுற்று வட்டாரத்தில் யாருக்கேனும் இவ்வகைச் சிகிச்சையின் முதல் நாள் குறிக்கப்பட்டிருந்தால், எந்த மார்க்கத்தாராயினும், அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லி வைக்கலாம். அவர் உடன் வருவார். நாமும் வருவோம், ஆனால் இம்முறை, உதறல் கண்டால் முதலில் தாதியைக் கூப்பிடுவோம்.