கணக்கேட்டில் ஒரு பெயர்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது பழமொழி. தொடக்கத்தைத் துருவினால் பெருமை குலையுமென்னும் அச்சமே அதன் உட்கிடை. ஆயினும், தன் மூலத்தை அறிய விழைவது மனித இயல்பு. செராஸ் வட்டாரத்தில் ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த நிலத்தில் இன்று குடியிருப்புகள் நிறைந்துள்ளன. அங்கு வளரும் தமிழ் மாணவன் தன் பாட்டனாரின் பெயரை அறிவான். அவருடைய தந்தை யார், எவ்வூரிலிருந்து கப்பலேறினார் என வினவினால் விடை கூறத் தடுமாறுவான். அவ்விடையைத் தேடத்தான் வேண்டுமா? வேண்டுமெனின், எதன்பொருட்டு?

மன்னரும் செல்வரும் தம் குலவரிசையைத் தாமே எழுதுவித்தனர். மண்ணில் உழைத்தோரைப் பற்றி எழுதியவர்களோ பிறர். எழுதியதும் வேறொரு பயன் கருதியே. அயர்லாந்து இதற்கு நல்ல சான்று. அந்நாட்டின் ஆவணக் காப்பகம் 1922இல் உள்நாட்டுப் போரின்போது தீக்கிரையாயிற்று. 19ஆம் நூற்றாண்டு முற்பகுதியின் குடிக்கணக்கு ஏடுகளுள் பெரும்பாலானவை அதில் அழிந்தன. ஆகவே, இன்று முன்னோரைத் தேடும் ஐரிஷ் மக்கள் 1823 முதல் 1837 வரை திருச்சபை வரிக்காக எழுதப்பட்ட நிலக் கணக்கையும், 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டையும் நாடுகின்றனர். வரி தண்டுவதற்கு எழுதிய ஏடு வழிமரபு காட்டும் ஏடாயிற்று. ஆயினும், நிலத்தையோ வீட்டையோ தம் பெயரில் வைத்திருந்தோரே அதில் இடம்பெற்றனர். பிறர் வீட்டில் ஒண்டியிருந்த கூலியாளின் பெயர் அதில் இல்லை.

கடல் கடந்த தமிழரின் கதையும் இத்தகையதே. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 152,184 இந்தியருள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். கப்பற் பட்டியல்களில் அவர்களின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவை பதியப்பட்டன. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனம் அத்தகைய ஏடுகளைக் காத்து வருகிறது.

மலாயாவின் நிலை வேறு. ஒப்பந்தக் கூலிமுறை இங்கு 1910இல் முடிவுற்றது. பெருந்தொகையினரைக் கொணர்ந்தது கங்காணி முறை. அதுவும் 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால் ஊர்ப்பெயர் பேச்சிலே வாழ்ந்தது. எழுத்தில் நின்றது தோட்டத்துச் செக்ரோல் ஏடு. காலைப் பெரட்டில் நின்றோரின் பெயரையும், வேலை செய்த நாளையும், பெற்ற கூலியையும் கிராணி அதில் பதிந்தார். காதில் விழுந்தவாறு எழுதப்பட்ட பெயர்கள் பல. ஒரே தோட்டத்தில் முனியாண்டிகளும் பலர். தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் மறைந்தபோது அவ்வேடுகளும் பல இடங்களில் மறைந்தன.

கூலிக்கணக்குக்காக எழுதப்பட்ட பெயரைப் பேரப்பிள்ளை எவ்வாறு படிக்க வேண்டும்? அறச்சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஏடு மனிதனை உழைப்பின் அளவாக மட்டுமே கண்டது. கப்பற் பட்டியலோ சாதியையும் ஓர் அடையாளமாக எழுதிற்று. தேடிச் செல்பவன் அந்தக் கட்டத்தைக் கண்டு செருக்குறலாம், அன்றிக் கூனிக்குறுகலாம். இரண்டும் தவறு. வரலாற்றை மறைத்தல் பொய்மை. அதனைச் சூடிக்கொள்ளுதல் பேதைமை. அறிதல் வேறு, அணிதல் வேறு. முன்னோர் பட்ட இழிவை அறிவது அவ்விழிவு தொடராமல் காப்பதற்கேயன்றி, அதனைப் பிறர்மீது சுமத்துவதற்கன்று. குலப்பெருமைக்காகத் தேடுபவன் ஏட்டில் தன்னையே தேடுகிறான். நன்றிக்கடனாகத் தேடுபவனே முன்னோரைக் காண்கிறான்.

ஏட்டில் இடம்பெறாதோர்க்கும் அக்கடன் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மடிந்தனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேசநாட்டுப் போர்க் கைதிகளின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் மாண்ட தமிழருள் மிகப் பலர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. வழிமரபைத் தேடும் குடும்பம் இத்தகைய வெற்றிடத்தை எதிர்ப்படுமாயின், கற்பனையால் அதனை நிரப்பலாகாது. வெற்றிடமும் ஒரு சான்றே. எவருடைய பெயர் காக்கத்தக்கதென்று ஒரு காலம் கருதியது, எவருடையதை விட்டுவிட்டது என்பதை அது கூறும்.

ஆகவே, மூலம் தேடுதல் தகும். நோக்கம் தூயதாயின் கடமையுமாகும். தமிழாசிரியர் தம் மாணவரை முதலில் வீட்டு முதியோரிடம் அனுப்புதல் நன்று. கங்காணியின் பெயர், கப்பலேறிய துறை, குலதெய்வம் உறையும் ஊர், பால்மரம் சீவிய பாட்டியின் முழுப்பெயர் ஆகியவற்றை மாணவர் கேட்டெழுதட்டும். பின்னர் தேசிய ஆவணக் காப்பகத்தை நாடட்டும். ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திரார். கணக்கேட்டில் ஒரு நாட்கூலிக்கு எதிரே நின்ற பெயரை, ஒரு தாயாக, ஒரு தந்தையாக மீட்டெழுதும் கை அம்மரபில் வந்த கையாகவே இருத்தல் வேண்டும்.