புனேவுக்குப் போன மஞ்சள் அணி

2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் கொல்கத்தாவை வென்றது. இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டம் அது. வெளியே அண்ணா சாலையில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மறியல் நடந்தது. உள்ளே எல்லைக்கோட்டருகே நின்ற ஆட்டக்காரர்களை நோக்கிக் காலணிகள் பறந்தன. ஓரிரு நாளில், சென்னையில் மிச்சமிருந்த ஆறு லீக் ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன. சொந்த ஊரை விட்டுப் போன அணிக்கு அந்த ஊர் ரசிகன் பட்ட கடன் என்ன என்ற கேள்வி அன்று பல வீடுகளில் எழுந்தது.

காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் தாமலிலிருந்து பார்த்தால் அதே கேள்விக்கு வேறு முகம் இருக்கிறது. சேப்பாக்கம் அங்கிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் விலை, போக வரச் செலவு, நள்ளிரவில் ஊர் திரும்பும் பாடு எல்லாவற்றையும் கூட்டினால், ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு குடும்பத்துப் பையனுக்கு மைதானம் என்பது தொலைக்காட்சிதான். அந்தத் திரையில் சேப்பாக்கமும் புனேயும் ஒரே அளவில்தான் தெரிகின்றன. அணி ஊர் மாறியதால் அவனுக்கு என்ன நட்டம்? பையில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ‘நம்ம ஊர்ல மேட்ச்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போயிற்று. கேலரியில் ஒருநாளும் உட்காராதவன் அதற்காக வருந்துவதைப் போலி என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. காணாத தெய்வத்துக்குக் காப்புக் கட்டுகிற நாட்டில் இதைப் பழிக்க யாருக்கும் தகுதி கிடையாது. அவனுடைய பற்றுக்கு இதுவரை விலை கேட்கப்படவில்லை என்பது மட்டும் உண்மை.

அணி போவதிலும் வகைகள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1967 முதல் ஆடிவந்த கூடைப்பந்து அணி சூப்பர்சோனிக்ஸ். 1979-ல் பட்டம் வென்றது. 2006-ல் ஒக்லஹோமா முதலாளிகள் அதை வாங்கினார்கள். அரங்கத்துக்கு மக்கள் வரிப்பணம் வேண்டும் என்ற கோரிக்கை எடுபடவில்லை. அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், லாபம் திரும்பாத அரங்கங்களுக்கு நகரத்தின் பணத்தைக் கொட்டக்கூடாது என்று சியாட்டில் மக்கள் பெருவாரியாகச் சொல்லிவிட்டார்கள். 2008-ல் குத்தகையை முறிக்க 45 மில்லியன் டாலர் கொடுத்துவிட்டு அணி ஒக்லஹோமா சிட்டிக்குப் போயிற்று. பெயரும் நிறமும் சியாட்டிலுக்கே விடப்பட்டன. ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். அந்த அணி 2025-ல் ஒக்லஹோமாவின் பெயரில் பட்டம் வென்றபோது பழைய சியாட்டில் ரசிகன் கைதட்ட வேண்டுமா? கடமை எதுவும் இல்லை. பணத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போன முதலாளிக்கு ரசிகன் எதுவும் தரவேண்டியதில்லை. தான் பார்த்து வளர்ந்த அணி மேல் அன்பு மிச்சமிருந்து கைதட்டினால், அதுவும் துரோகமாகாது. பள்ளிக்கூடத்துக்கும் குடிநீருக்கும் போகவேண்டிய பணத்தைக் கொடுத்து அணியை நிறுத்திவைக்க மறுத்த அந்த வாக்காளர்களில் எத்தனையோ பேர் ரசிகர்களாகவும் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்தது சரி.

சென்னையின் கதை அப்படியல்ல. இங்கே முதலாளி போக ஆசைப்படவில்லை, ஊர்தான் அனுப்பிவைத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தது. அதைச் செயல்படுத்தும் அமைப்புக்கு ஆறு வாரக் கெடு கொடுத்தது. கெடு கடந்தும் மத்திய அரசு அசையவில்லை. டெல்டா வயிறெரிந்துகொண்டிருக்கும்போது தலைநகரில் கொண்டாட்டம் வேண்டாம் என்று கேட்டவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்க முடியாது. தண்ணீர் இல்லாத ஆண்டு எப்படி இருக்கும் என்று தாமலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பன் காவிரிச் செய்தி பார்க்க, மகன் மஞ்சள் ஜெர்சியோடு டாஸுக்குக் காத்திருந்த வீடுகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. ஆட்டக்காரன் மேல் செருப்பை எறிந்தது அநியாயம். காவிரியில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் அவன் நிறுத்திவைக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை ஒத்திவையுங்கள் என்று கேட்டது நியாயமான கேள்வி. ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று சொல்லி அதைத் தள்ளிவிட்ட ரசிகன், ஊரின் பெயரை அணிக்குச் சூட்டிக்கொள்ளும்போது மட்டும் ஊர் வேண்டும், ஊரின் துயரம் வேண்டாம் என்று சொன்னவனாகிறான்.

அந்த ஏப்ரலில் ஆயிரம் பேர் அளவில் சென்னையிலிருந்து சிறப்பு ரயிலில் புனேவுக்குப் போனார்கள். ரயிலுக்கு ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஏப்ரல் 20 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 106 அடித்தார். 64 ரன்களில் வெற்றி. அந்தப் பயணத்தை உழவருக்கு எதிரான செயல் என்று பழிப்பது மிகை. யாருடைய வாயையும் அடைக்காமல், தங்கள் பற்றைத் தங்கள் உடம்பால் சுமந்துகொண்டு போனார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. போன இடத்திலும் தண்ணீர் வழக்கு. மைதானத்துக்குப் பவனா அணை நீரை எடுக்க பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஏப்ரலிலேயே தடை போட்டது. ஒரு மாநிலத்து உழவனின் கோபத்துக்கு விலகிப்போன அணி இன்னொரு மாநிலத்து அணைக்கட்டருகே போய் நின்றது.

இதைவிடக் கடினமான சோதனை அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டு ஆண்டு நீக்கிவைத்தது. குருநாத் மெய்யப்பனின் சூதாட்டம்தான் சென்னைக்கு வந்த வினை. அவர் அணியின் முக்கியப் பொறுப்பாளராக உலாவியவர். அணியை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸின் நிர்வாக இயக்குநரும், சூதாட்டம் நடந்தபோது கிரிக்கெட் வாரியத் தலைவருமாக இருந்த சீனிவாசனுக்கு மருமகன். விசாரிக்க வேண்டிய இடமும் விசாரிக்கப்பட்ட இடமும் ஒரே குடும்பத்தில் இருந்தன. தாமல் இருக்கும் அதே மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் யார் என்று அவை சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது. ஊர்ப் பொதுவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த எச்சரிக்கை பல நூறு கோடி புரளும் விளையாட்டுக்குத் தெரியாமல் போயிற்று. அணி திரும்பி வந்தபோது வாணவேடிக்கைதான் அதிகம் கேட்டது. என்ன நடந்தது, இனி நடக்காதிருக்க என்ன ஏற்பாடு என்று ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த குரல் சன்னமாகவே இருந்தது. கேட்டவனை ‘நீ உண்மையான ரசிகனா?’ என்று மடக்கினார்கள். எதிரணிக்காரன் கேட்டால் வம்பு என்று தள்ளலாம். சொந்த அணியின் ரசிகன் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு எடை. அதனால் கேட்கும் பொறுப்பும் அவனுக்கே அதிகம்.

அந்த இரண்டு ஆண்டும் தோனி புனே அணியில் ஆடினார். சென்னை ரசிகர்களில் பலர் புனேயை இரவல் வாங்கிக்கொண்டார்கள். 2016 வறட்சியில் மகாராஷ்டிரத்தில் ஆட்டம் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல, அந்த அணி விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்தது. 2017 இறுதியாட்டத்தில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. பிறகு கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே புனே மைதானத்தில் மஞ்சள் கொடிகள் ஏறின. தன் அணியை இழந்து ஓராண்டுகூட ஆகாத அந்த ஊர்க்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நம்மவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நமக்கு நேர்ந்தால் துயரம், அவனுக்கு நேர்ந்தால் வாடகை மைதானம்.

இன்னொரு அணியும் சென்னையை விட்டுப் போனது. அதற்குக் கண்ணீர் விட்டவர்கள் குறைவு. சென்னை சிட்டி கால்பந்து அணி சென்னையின் பெயரைச் சுமந்தபடி கோயம்புத்தூர் நேரு அரங்கத்தில் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என்று வீழ்த்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது. கோவைக்காரர்கள் ‘சென்னை, சென்னை’ என்று தொண்டை வரளக் கத்தினார்கள். இரண்டே ஆண்டில் அது ஐ-லீகிலிருந்தே மறைந்தது. தாமலில் மஞ்சள் ஜெர்சி அணிந்த பிள்ளைகளைக் கேட்டால், இப்படி ஓர் அணி இருந்ததென்றே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த அணியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட யாரும் செலவு செய்யவில்லை.