ஓர் ஆக்ஸிஜன் சென்சாரின் பிராமாண்யம்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. அடுக்களையில் கண்டிருக்கிறோம் அல்லவா? தர்க்க சாஸ்திரத்தில் காலடி வைப்பவனுக்கு முதல் பாடமாக வரும் இந்த அனுமானம் வடமொழி நூல்களுக்கு மட்டும் உரியதன்று. காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணத்தை உபதேசிக்கும் இடத்திலும் இதே புகையும் இதே நெருப்பும் வருகின்றன; அதோடு நில்லாமல், ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றுகிற ஏதுப்போலிகளையும் சாத்தனார் அங்கே வகை பிரித்துக் காட்டுகிறார். பாடசாலைகள் அருகிவிட்ட இந்நாளில் அந்தச் சாஸ்திரம் எங்கே உயிரோடிருக்கிறது என்று கேட்பவர்களை மோட்டார் ரிப்பேர் பட்டறைக்குத்தான் நான் அனுப்புவேன். டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் ‘செக் என்ஜின்’ விளக்கின் முன் நின்றுகொண்டு, கண்ட குறியிலிருந்து காணாத காரணத்துக்குப் போவது எப்படி என்ற பழைய பிரச்னையைக் கிரீஸ் படிந்த கையோடு அங்கே ஒருவர் தினந்தோறும் தீர்த்துக்கொண்டிருக்கிறார். தீர்ப்பு பிசகினால் தண்டம் கட்டுவது வண்டிக்காரர்.

அந்த விளக்கு எரியக் காரணங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுள் அதிகப் பழியைச் சுமப்பது ஆக்ஸிஜன் சென்சார் என்னும், ஏறக்குறைய ஸ்பார்க் பிளக் பருமனே உள்ள சிறு கருவி. 1976-இல் பாஷ் கம்பெனி தயாரித்து, கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டங்களை முன்னிட்டு அமெரிக்காவுக்குச் சென்ற வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இது, இன்று புதிய பெட்ரோல் கார் எதிலும் இல்லாமலில்லை. உள்ளே ஸிர்க்கோனியா என்ற ஒருவகைப் பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு முகத்தில் என்ஜினிலிருந்து வரும் புகை மோதுகிறது, மறுமுகம் வெளிக்காற்றைப் பார்த்திருக்கிறது, இரண்டிலும் பிளாட்டினப் பூச்சு. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும் இந்தப் பீங்கானின் ஊடே ஆக்ஸிஜன் அயனிகள் நகரத் தொடங்க, இருபுறத்து ஆக்ஸிஜனுக்கும் உள்ள வேற்றுமைக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் சுமார் 0.1 வோல்ட், மிஞ்சாவிட்டால் சுமார் 0.9. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் கைகூடும் இடத்தில், 0.45-ஐ நடுவாகக் கொண்டு, அது சட்டென்று இப்புறமும் அப்புறமும் தாவும். என்ஜின் கம்ப்யூட்டர் அந்தத் தாவலைப் பார்த்துப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டும், சற்றுக் குறைக்கும். வண்டி ஓடும் மட்டும் இந்த ஊசலாட்டம் ஓய்வதில்லை.

இந்தச் சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. “ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது” என்பதோடு அதன் வாக்கு முடிந்துவிடுகிறது. “ஆகவே பெட்ரோல் போதவில்லை” என்பது கம்ப்யூட்டர் செய்துகொள்ளும் அனுமானம். எங்கெங்கே ஆக்ஸிஜன் மிஞ்சுகிறதோ அங்கங்கே பெட்ரோல் குறைவு என்ற வியாப்தியை நம்பி அந்த அனுமானம் நிற்கிறது. ஆனால், நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் உண்டு என்று சொல்பவனிடம் “விறகு ஈரமாயிருந்தால்” என்று நியாய தரிசனத்தாராகிய நையாயிகர்கள் திருத்தம் போடுவார்களே, அத்தகைய உபாதி, அதாவது சொல்லாமல் விட்ட நிபந்தனை, இங்கும் ஒளிந்திருக்கிறது: உள்ளே போன கலவை முழுதும் எரிந்திருக்க வேண்டும், வழியில் வேறு காற்று புகுந்திருக்கவும் கூடாது. ஒரு பிளக் பொறி விடாமல் போனால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் எரியாமல் வெளியேறும், காற்றும் எரியாமல் வெளியேறும். சென்சார் கண்டுகொள்வது காற்றை மட்டுமே. கம்ப்யூட்டரோ, பெட்ரோல் நனைந்து வழிகிற இடத்தில் பெட்ரோல் போதவில்லை என்று முடிவு கட்டி மேலும் ஊற்றுகிறது.

என் நண்பர் ஒருவரின் பழைய காரில் இந்த விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது பி0171 என்ற கோட் வந்தது. கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். முதலில் பார்த்த பட்டறைக்காரர் பிளக்குகளைக் கழற்றினார். நாலிலும் கரி அப்பியிருந்தது. கரி பிடித்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். சென்சாரோ குறைவு என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுகையில் கண்ணுக்குத் தெரியும் கரியை நம்புவதா, கம்பி வழியே வரும் வோல்ட்டை நம்புவதா? சென்சார் பொய் சொல்கிறது, மாற்றிவிடலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். நண்பர் புதிது வாங்கிப் போட்டார். சில நாட்களில் விளக்கு மறுபடி எரிந்தது. சாமான் கடைக்காரரிடம் போனால், எலெக்ட்ரிக்கல் ஐட்டம் திரும்ப எடுப்பதில்லை என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்ததைக் காட்டினாராம்.

ஒரு ஞானம் பிறக்கும்போதே பிரமாணமாகப் பிறக்கிறதா, அல்லது வேறொன்றால் சோதிக்கப்பட்ட பிறகுதான் பிரமாணமாகிறதா என்பது நம் தரிசனங்களுக்குள் பல நூற்றாண்டுகள் நடந்த வழக்கு. குமாரில பட்டரைத் தலைவராகக் கொண்ட மீமாம்ஸகர், ஞானம் தன்னளவிலேயே செல்லும் என்றார்கள்: அதைப் பிறப்பித்த கருவியில் தோஷம் தெரிந்தாலோ, பின்னால் பிறந்த பாதக ஞானம் அதைத் தள்ளினாலோ ஒழிய, நம்பத்தான் வேண்டும். வேதத்துக்கு ஆசிரியனே இல்லை என்று கொண்டவர்களுக்கு, அதன் பிராமாண்யத்தை அதற்கு வெளியே வேறெதிலும் ஊன்ற வழியில்லை அல்லவா? நையாயிகர் இதை ஏற்கவில்லை. தூரத்தில் தண்ணீரென்று கண்டது தண்ணீர்தான் என்பது போய்க் குடித்துத் தாகம் தீர்ந்த பின்பே உறுதியாகிறது. வேதமும் ஆப்தனாகிய ஈசுவரன் அருளியது என்பதால் பிரமாணமாகிறதேயன்றித் தானாக ஆவதில்லை என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் தாகம் தீர்ந்தது என்ற ஞானத்தை எதனால் சோதிப்பது, அந்தச் சோதனையை எதனால் சோதிப்பது என்று மீமாம்ஸகர் அனவஸ்தா தோஷத்தைக் காட்டி மடக்குவார்கள்.

காரை வடிவமைத்த இன்ஜினியர்கள் குமாரிலரைப் படித்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர்கள் செய்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சுத்த மீமாம்ஸகனாக இருக்கிறது. கம்பி அறுந்தது, ஹீட்டர் செத்தது, வோல்ட் எல்லை மீறியது என்று கருவியில் தோஷம் தென்பட்டாலோ, வேறொரு சென்சார் குறுக்கே பேசினாலோ ஒழிய, அது ஆக்ஸிஜன் சென்சாரின் வாக்கை ஐயுறுவதில்லை. பெரும்பாலான குறைகளில் முதல் ஓட்டத்திலேயே விளக்கைப் போட்டு ஊரைக் கூட்டுவதும் இல்லை. குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதையே கண்டால்தான் போடும். இது விவேகமான ஏற்பாடு என்றே சொல்வேன். வோல்ட் ஒவ்வொன்றையும் சந்தேகிக்கிற கார் தெருமுனையைத் தாண்டாது.

ஆனால் நண்பரின் காரில் அந்த ஏற்பாடு தோற்ற இடம் நுட்பமானது. சென்சாரில் தோஷமில்லை. பாதக ஞானமாக எழுந்திருக்க வேண்டிய கரியோ, கம்ப்யூட்டருக்குக் கண்ணில்லாத சிலிண்டருக்குள் பிளக் முனையில் இருந்தது. ஆகவே அது நம்பியது; நம்பியபடி பெட்ரோலைக் கூட்டியது; கூட்டியதனால் கரி பிடித்தது. சென்சாருக்கு எதிர்ச்சாட்சி என்று முதல் பட்டறைக்காரர் நினைத்த கரி, சென்சாரின் பேரால் செய்த தவறான அனுமானம் பெற்ற பிள்ளையே தவிர வேறன்று. பொய்யான முடிவு மெய்யான கரியை உண்டாக்கிவிட்டது. ஏதுப்போலிகளைத் தொகுத்த ஆசிரியர்கள், முடிவே முன்சென்று தனக்குரிய ஏதுவைத் தயாரித்து வைக்கும் இந்த வகைக்குத் தனிப் பெயர் இடவில்லையே என்று எனக்கு ஒரு குறை உண்டு.

சென்சார்கள் கெடுவதே இல்லை என்று நான் வாதாடவில்லை. சிலிகோன் பசையின் ஆவி பட்டு அவற்றின் மேல் வெள்ளைப் படலம் கட்டும்; 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுத்தப்படும் வரை பெட்ரோலில் கலந்திருந்த ஈயமும் அவற்றுக்கு நஞ்சுதான். வெளிக்காற்று இருக்க வேண்டிய பக்கத்தில் எண்ணெய் ஆவி புகுந்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே மாசுபட்டு, புகையில் குற்றமில்லாதபோதும் வோல்ட் தாழ்ந்து நிற்கும். மூப்பினால் மந்தமாகிப்போனவை வேறு. சிவஞான சித்தியார் அளவைப் பகுதியில் ஐயக் காட்சி, திரிவுக் காட்சி என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. மந்தமான சென்சார் இரண்டிலும் அடங்காது, ஏனெனில் அது சொல்வது சரிதான், சொல்லும்போது விஷயம் மாறிப்போயிருக்கும்.

நண்பரோடு இரண்டாவது பட்டறைக்கு நானும் போயிருந்தேன். அங்கிருந்த மெக்கானிக், நடுவயதுக்காரர், கோட் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி மேலே பேசவில்லை. என்ஜினை ஓடவிட்டு, சென்சாரின் சிக்னல் கம்பியில் மீட்டரை வைத்துக்கொண்டு, காற்று உள்ளே போகும் வாயில் கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைச் சிறிது அடித்தார். முள் இல்லாத அந்த மீட்டரில் எண்கள் விருட்டென்று 0.9-க்கு ஏறின. பிறகு ஒரு வாக்குவம் ஹோஸைப் பிடுங்கினார், 0.1-க்கு விழுந்தன. “சார், நல்ல சென்சாருங்க. சொல்ல வேண்டியதைச் சரியாத்தான் சொல்லுது” என்றார். சென்சாரைப் பற்றிச் சென்சாரையே கேட்காமல், இன்னொரு சென்சாரையும் கேட்காமல், பெட்ரோல் மிகுதி என்னும் நிலையைத் தம் கையாலேயே உண்டாக்கி, அதை அது அறிகிறதா என்று பார்த்தார் அல்லவா? சோதனைக்குச் சோதனை என்று முடிவின்றி நீளும் மீமாம்ஸகரின் அனவஸ்தை இந்த இடத்தில் வலுவிழப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தானே செய்து வைத்த ஒன்றைத் தெரிந்துகொள்ள அவருக்குப் புதிதாக ஒரு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ராத்திரி வண்டியை அங்கேயே விடச் சொல்லி, மறுநாள் காலை என்ஜின் ஆறிக் கிடக்கையில் ஸ்டார்ட் செய்தார். புகை வெளியேறும் மானிஃபோல்டின் பக்கத்திலிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம். சூடேற ஏற இரும்பு விரிந்து அது அடங்கிவிட்டது. இணைப்பில் மயிரிழை போல் ஒரு கரிக்கோடு. என்ஜினை நிறுத்தி, சைலன்சர் குழாயின் வாயில் புளோயரால் காற்றைச் செலுத்திக்கொண்டு, இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவ, கரிக்கோட்டின் மேல் நுரை பொங்கியது. கேஸ்கெட் போயிருந்தது. புகை ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு வரும். இரு துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் தாழும் கணத்தில் அந்த இடுக்கு வெளிக்காற்றை உறிஞ்சி, சற்று அப்பால் நிற்கும் சென்சாரின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. காற்று இருந்தது, இருக்கிறது என்று அது சொன்னது.

இதனால் குமாரிலர் கட்சி தோற்றதென்று நான் சொல்ல வரவில்லை. பாதக ஞானம் வந்தால் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னது சரி. ஆனால் பாதக ஞானம் தானாக வந்து கதவைத் தட்டும் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு அது வருவதில்லை. குளிர்ந்த என்ஜினைத் தேடி விடியற்காலையில் எழுந்து போகிறவனுக்கே வருகிறது. வேதமாயினும் குரு வாக்காயினும் இதுவரை மறுப்பு எழாததை ஆதாரமாகக் காட்டுகிற வைதிகர்கள், மறுப்பு எழக்கூடிய இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்ததுண்டா என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கேஸ்கெட்டை மாற்றிய பின் மெக்கானிக் பி0171 கோடை அழிக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை காணாவிட்டால் விளக்கு தானே அணையும், அதுவரை ஓட்டிப் பாருங்கள் என்றார். பிரவிருத்தி, அதாவது முயற்சி, பலித்தால்தான் ஞானம் உறுதி என்ற நையாயிகரின் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. விளக்கு அணைந்தது. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்று ஸ்கேனரில் தெரியும் ட்ரிம் எண், 22-லிருந்து 4-க்கு இறங்கியிருந்தது. ஏன் பூஜ்யமாகவில்லை, இன்னும் ஏதோ ஒழுகுகிறதோ என்று நண்பர் பிடித்துக்கொண்டார். “அப்படிப் பார்த்தா வண்டியைப் பிரிச்சுக்கிட்டேதான் இருக்கணும் சார்” என்றார் மெக்கானிக்.

மிதிலையின் கங்கேசர் தத்துவ சிந்தாமணியில் சந்தேகவாதியைப் பார்த்துக் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: நெருப்பில்லாமலும் புகை வரலாம் என்று ஐயுறுகிறாயே, உனக்குப் புகை வேண்டியபோது நெருப்பைத் தேடிப் போகிறாயே, ஏன்? சந்தேகத்துக்கு எல்லை நம் சொந்தச் செய்கையே என்கிறார். வாதம் அழகானதுதான். எனினும் அது சந்தேகிப்பவனின் வாயை அடைக்கிறதே தவிர, மிச்சமிருக்கும் நாலு சதவீதத்துக்குக் காரணம் சொல்வதில்லை. நண்பரும் சமாதானம் அடையவில்லை. அடையாமலே சாவியைத் திருப்பி, என்ஜின் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே கியரின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாங்கிப் பயனற்றுப்போன அந்தச் சென்சாரின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.